‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்ற ஒரு சொல்லுக்கும் ஒரு கொலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

கேள்வி இது: “வாட்ஸாப்பில் வந்த வதந்தியை நம்பி, சாதாரண ஊர்க்காரர்களே ஒன்றுகூடி முன்பின் தெரியாத ஒருவரை அடித்துக் கொல்கிறார்கள். மனுஷங்களிடம் இரக்கமே இல்லாமல் போய்விட்டதா? அப்படி ஒரு கூட்டம் கண்ணெதிரே சேர்ந்தால் தனி ஆள் என்ன செய்ய முடியும்?”

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விரிவாகவும் சொல்கிறேன். செய்யக்கூடிய காரியங்கள் இருப்பது இரண்டாவதில்தான்.

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம் நடந்ததை எடுத்துக்கொள்வோம். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. கூட வந்த, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ‘பிள்ளை பிடிக்கிறவங்க’ என்ற பேச்சு கிளம்பியது. காரில் வந்தவர்களைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அந்த அம்மா இறந்தார், மற்றவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள். அப்போது வட மாவட்டங்களில் சுற்றிய ஆடியோக்கள் ‘இந்தி பேசுற கும்பல் இறங்கியிருக்கு’ என்றுதான் சொல்லின. அடி வாங்கியவர்கள் பேசியது தமிழ். வதந்தி சொன்ன அடையாளத்துக்கே பொருந்தாத ஆட்கள் அவர்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அடித்தவர்களைக் கேட்டால் ‘எங்க புள்ளைங்களைக் காப்பாத்தத்தான்’ என்பார்கள். பொய்யில்லை, அப்படித்தான் நம்பினார்கள். சிக்கலே அதில்தான் இருக்கிறது. தன் பிள்ளை மேல் இருக்கிற பாசம் பயமாகிறது, பயம் ஒரு அந்நிய முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. அந்த முகத்துக்கும் பிள்ளை குட்டி இருக்கும் என்பது அந்த நேரத்தில் தோன்றுவதில்லை. ஆகவே ‘இரக்கம் செத்துவிட்டது’ என்று புலம்புவதை நான் ஏற்கவில்லை. இரக்கம் ஊர் எல்லைக்குள், சாதிக்குள், தெரிந்த முகத்துக்குள் நின்றுவிடுகிறது. வெளியே விடப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்: மனநலம் குன்றி அலைபவர், திருநங்கை, நாடோடி, பிச்சை எடுப்பவர், வேறு மொழி பேசும் கூலித் தொழிலாளி. அதே 2018 மே மாதத்தில் பழவேற்காட்டில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிடப்பட்டவரும் ஊர் பேர் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர்தான்.

இந்த வதந்தி வாட்ஸாப் பெற்ற பிள்ளையும் இல்லை. ‘சாப்பிடலேன்னா புள்ள புடிக்கிறவன் வந்துடுவான்’ என்று சோறு ஊட்டியே வளர்ந்தவர்கள் நாம். பாலம் கட்ட நரபலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள் என்ற பேச்சு நம் தாத்தா பாட்டி காலத்திலேயே உண்டு. பயம் முன்பே விதைத்து வைத்ததுதான். கைப்பேசி செய்தது வேகத்தைக் கூட்டியது மட்டுமே. முன்பு சந்தைக்குச் சந்தை நடந்து போன பேச்சு, இப்போது டீ ஆறுவதற்குள் நாற்பது கிராமத்துக்குப் போய்விடுகிறது.

சரி, செய்தியின் உடற்கூற்றைப் பார்ப்போம். 2018-ல் இந்தியா முழுக்கப் பரவியது ஒரு வீடியோ: பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, ‘குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும்’ என்ற பொருளில் ஒரு அட்டையைக் காட்டுவார்கள். கடைசி சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் வேலை. கூடவே சுற்றிய, வரிசையாகக் கிடத்தப்பட்ட குழந்தைகளின் சடலப் படம் 2013-ல் சிரியாவில் நடந்த விஷவாயுத் தாக்குதலின்போது எடுத்தது. படம் உண்மை, வீடியோவும் நிஜமாகவே எடுத்ததுதான், ஒட்டிய கதை மட்டும் பொய். இப்படிப்பட்ட பொய்தான் ஆபத்தானது. ‘கண்ணால பாத்தேன்’ என்று சொல்ல வைக்கும்.

இந்த வகைச் செய்திகளில் திரும்பத் திரும்பச் சில சாமான்கள் இருக்கும். தேதி இருக்காது, ‘நேத்து’ என்றிருக்கும். இடம் ‘நம்ம ஏரியா’. சொன்னது ‘போலீஸ்ல இருக்கிற நம்ம சொந்தக்காரர்’. கடைசியில் ‘பெற்றோர் உள்ள எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்’. எழுத்தை விட ஆடியோ அதிகம் வேலை செய்யும். படிக்காதவரும் கேட்கலாம், பேசுகிறவரின் வட்டார வழக்கு நம்ம ஊர்க்காரர் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும், குரலில் இருக்கிற பதற்றம் கேட்பவருக்குத் தொற்றும். எங்கே, எப்போது, எந்த ஸ்டேஷன் என்ற மூன்றும் இல்லாத செய்தியை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். வீடியோவை ஓடவிட்டு, கடைப் பலகை, வண்டி நம்பர் பிளேட், பேசும் மொழி தெரிகிற இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதைக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோ பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே சிக்கிவிடும். ஆடியோவுக்கு இது பலிக்காது. அதில் சொல்லப்பட்ட ஊரின் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றே வழி. ஸ்டேஷன் எண் இல்லாவிட்டால் 112. உண்மையிலேயே ஒரு குழந்தை காணாமல் போயிருக்கிறது என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு அனுப்பிய மச்சான் அதைப் பார்த்தவர் இல்லை, அவருக்கு அனுப்பியவரும் இல்லை.

வாட்ஸாப் நிறுவனமும் அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் அசைந்தது. 2018 ஜூலையில் ‘ஃபார்வர்ட்’ அடையாளம் வந்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் ஆக்கினார்கள். 2020 ஏப்ரல் முதல் இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் தள்ள முடியும். வேகம் குறைந்தது உண்மை. நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பீகார் வரைக்கும் போய், அங்கிருந்து ஓர் அதிகாரிகள் குழுவே இங்கே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று.

குரூப் அட்மினாக இருந்தால் உங்கள் கையில் இரண்டு கருவிகள் உண்டு. யார் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்க அட்மினால் முடியும். குரூப்பை ‘அட்மின் மட்டும் அனுப்பலாம்’ என்று சில மணி நேரம் மாற்றியும் வைக்கலாம். அழித்தபின் மறுப்பு எழுதும்போது பலர் செய்கிற தவறு, அந்த வீடியோவையே மறுபடி போட்டு ‘இது பொய், நம்பாதீர்கள்’ என்று எழுதுவது. அடுத்த கைக்கு வீடியோ மட்டும் போகும், உங்கள் வரி போகாது. உண்மையை முதல் வரியில் வையுங்கள்: ‘இந்த வாரம் நம்ம ஸ்டேஷன் எல்லையில் குழந்தை காணவில்லை என்று ஒரு புகாரும் இல்லை. இன்று காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கேட்டது. சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள்.’ நேரமும் எண்ணும் இருப்பதுதான் அதற்குப் பலம். கேட்காமல் இப்படி எழுதிவிடாதீர்கள், அதுவும் வதந்திதான்.

மறுப்பை யார் சொல்வது என்பது அதைவிட முக்கியம். 2018 ஜூன் 28 அன்று திரிபுராவில் வதந்தியை நம்ப வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசே ஒருவரை ஊர் ஊராக அனுப்பியது. சப்ரூம் பகுதியில் கூட்டம் அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றது. பயந்துபோன ஊருக்குள் தெரியாத முகமும் தெரியாத வண்டியும் மைக்கோடு நுழைந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். எனவே அந்த ஊர் ஆளே பேச வேண்டும்: அங்கன்வாடி டீச்சர், தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், கோயில் பூசாரி. அதிகாரி வந்தாலும் இவர்களில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசுவதே உத்தமம்.

இனி கூட்டம் சேர்ந்துவிட்ட கட்டம். உளவியல் புத்தகங்களில் ‘வேடிக்கை பார்ப்பவர் விளைவு’ என்று ஒன்று படித்திருப்பீர்கள். 1968-ல் லாட்டானே, டார்லி என்ற இருவர் செய்த சோதனையில், அறைக்குள் புகை வந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்தபோது சொன்னது 10 சதவீதம் பேர். இதை வைத்து ‘கூட்டத்தில் யாரும் உதவ மாட்டார்கள்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2019-ல் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கேமராப் பதிவில் இருந்த 219 நிஜத் தெருச் சண்டைகளைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது இடையில் புகுந்து தடுக்க முயன்றிருக்கிறார். நம் ஊர்க் கூட்டக் கொலைகளிலும் ‘விடுங்கப்பா’ என்று சொன்ன ஒருவராவது இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். தோற்பது தனியாகச் சொன்னதால், தாமதமாகச் சொன்னதால், சொல்லக் கூடாத விதத்தில் சொன்னதால்.

வரிசை இது. முதலில் போன், பிறகு பேச்சு. 112 அல்லது 100-ல் ‘இங்க ஒரு பிரச்சனை சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஊர், அடையாளமான இடம், எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், யாரை அடிக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து என்ற ஐந்தும் முதல் இரண்டு வாக்கியத்தில் போய்விட வேண்டும். ‘போளூர் ரோடு, இன்ன மாரியம்மன் கோயில் பக்கம், ஐம்பது பேர் ஒரு ஆளைக் கட்டி வெச்சு அடிக்கிறாங்க, செத்துடுவான் போல’ என்று சொன்னால் கட்டுப்பாட்டு அறை அதை அடிதடியாக எடுத்துக்கொள்ளாது. இன்னொருவரையும் அதே எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். இரண்டு அழைப்பு வந்தால் ஜீப் சீக்கிரம் புறப்படும். ஸ்மார்ட்போனில் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி இருந்தால் இருக்கும் இடமும் சேர்ந்தே போகும்.

அடுத்தது துணை. தனியாக நடுவில் பாயாதீர்கள். தெரிந்த இரண்டு மூன்று பேரைச் சேருங்கள், அதில் ஒருவர் வயதில் மூத்தவராகவோ வயதான பெண்ணாகவோ இருந்தால் நல்லது. கை ஓங்கியவன் சொந்த அத்தையின் முன் கொஞ்சம் தயங்குவான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘ஏய் எல்லாரும் நிறுத்துங்க’ என்றால் யாருக்கும் படாது. ‘டேய் குமாரு, கட்டையைக் கீழ போடு, உங்கப்பா இங்கதான் நிக்கிறாரு’ என்றால் கூட்டத்தில் இருந்து ஒரு ஆள் கழன்று குமாராகிவிடுவான். முன்வரிசையில் அடிப்பவர்கள் பெரும்பாலும் சிலர்தான். மற்றவர்கள் அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் சுவர். சுவரில் தெரிந்த முகங்களைப் பெயர் சொல்லி உருவினால் நடுவில் இருப்பவர்களின் வேகம் தானாக இறங்கும்.

‘இவர் நிரபராதி’ என்று வாதாடாதீர்கள். அந்த நிமிடத்தில் அது உங்களையும் கூட்டாளியாக்கிவிடும். குற்றமா இல்லையா என்ற பேச்சையே எடுக்காமல், நடைமுறையைப் பேசுங்கள்: ‘புடிச்சாச்சுல்ல, போலீஸ் வருது, கையில ஒப்படைச்சிடுவோம். இவன் செத்துட்டா யாரு அனுப்புனான்னு யாரைக் கேப்பீங்க? செத்தா கேஸ் நம்ம மேலதான்.’ கோபத்துக்கு ஒரு வெற்றியையும் கொடுத்து, வெளியேற ஒரு வழியையும் காட்டுகிற பேச்சு இது. அடிபடுபவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது இன்னொரு வழி. கீழே கிடப்பவர் மேல் கால் விழுவதும் உயிரை எடுக்கும். ஒருவர் குனிந்து உட்கார்ந்தால் அந்த இடம் அடைபடும். அடி உங்கள் மேலும் விழலாம் என்பதை மறைக்க மாட்டேன், அதனால்தான் தனியாகப் போகக் கூடாது என்கிறேன்.

பிறகு எங்கே கொண்டுபோவது? இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்கள் தவறிப் போகின்றன. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடா வாரச் சந்தையில் நாடோடிச் சமூகத்து ஆட்கள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கடைசியில் அடித்துக் கொல்லப்பட்டது ஊராட்சி அலுவலக அறைக்குள். ஒரே கதவுள்ள அறை பாதுகாப்பு ஆகாது, பொறி. அறைதான் வழி என்றால், உள்ளே தாழ் போட முடிகிற, பின்பக்கம் வாசல் உள்ள வீடாகப் பாருங்கள். ஊர் மதிக்கும் ஆட்கள் இருவராவது உள்ளே அவரோடு இருக்க வேண்டும், சாவி கூட்டத்திடம் போகக் கூடாது. வண்டியில் ஏற்றி அனுப்புவதானால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே ஜூலை 13 அன்று கர்நாடகத்தில் பீதர் மாவட்டம் முர்க்கி அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக விரட்டப்பட்ட ஹைதராபாத் நண்பர்கள் காரில் தப்பினார்கள். செய்தி காரை முந்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், அங்கே வழியை அடைத்தார்கள். ஒருவர் இறந்தார், காப்பாற்றப் போன போலீஸ்காரர்களுக்கும் காயம். ஆகவே வண்டி புறப்பட்டால், அது ஸ்டேஷன் இருக்கிற திசையில் போக வேண்டும், ஊர்க்காரர் ஒருவர் முன்சீட்டில் உட்கார வேண்டும், அடுத்த ஊரில் தெரிந்தவருக்கு ‘வர்ற கார்ல இருக்கறது நம்ம ஆளுங்க, விடுங்க’ என்று போன் முன்னாடியே போய்விட வேண்டும்.

அடிபட்டவர் எழுந்து நடக்கிறார் என்பதற்காக ‘ஒன்னும் இல்ல’ என்று முடிவு செய்யாதீர்கள். 2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்து, கையைக் கட்டி, செல்ஃபி எடுத்துக்கொண்டு அடித்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். வழியில் வாந்தி எடுத்தார், இறந்துபோனார். தலைக்குள் கசிகிற ரத்தமும், அடிவயிற்றில் ஈரல், மண்ணீரல் கிழிவதும் வெளியே தெரியாது. தசை முழுக்க நசுங்கினால் அதிலிருந்து கரைவது சிறுநீரகத்தை அடைத்துவிடும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும், ஆள் இரண்டு நாள் கழித்தும் இறக்கலாம். ஆகவே போலீஸ் வந்தாலும் ‘ஸ்டேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி’ என்று வற்புறுத்துங்கள், 108-ஐயும் கூப்பிட்டு வையுங்கள். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம், கழுத்து திரும்பாமல் தலையையும் உடம்பையும் சேர்த்து உருட்ட வேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

வீடியோ எடுக்கலாமா? தடுக்க முடியாத தொலைவில் இருந்தால், போன் பேசி முடித்தபின், எடுங்கள். ஆனால் அடிபடுபவரை அல்ல, அடிப்பவர்களின் முகத்தையும் கையையும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக. அதை எந்தக் குரூப்பிலும் போடாதீர்கள். குடும்பத்துக்கு அது இரண்டாவது சாவு, அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு அது பயிற்சி வகுப்பு. வாட்ஸாப்பில் அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த நேரம் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். அசல் கோப்பைப் போனிலேயே வைத்து, விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் இணைத்தால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும், அதை அவர்களே கேட்பார்கள்.

சட்டத்தில் கூட்டத்துக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ‘நாங்க புடிச்சுக் குடுத்தோம்’ என்பதற்கு எல்லை உண்டு. பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கலாம், ஆனால் தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தவரை, அல்லது தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரை மட்டும். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 40 அப்படித்தான் சொல்கிறது. சந்தேகத்தின் பேரில் பிடிக்க அதில் இடமில்லை, அடிக்க எதிலுமே இடமில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடிச் செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 190 எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கும். கட்டை எடுத்துக் கொடுத்தவனும், வழியை மறித்தவனும், ‘போடு’ என்று கத்தியவனும் உள்ளே. சும்மா நின்றவர் அதனால் மட்டும் குற்றவாளி ஆகமாட்டார், ஆனால் வீடியோவில் அவர் முகம் இருக்கும், நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அதே சன்ஹிதாவின் பிரிவு 103(2), இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி, நம்பிக்கை போன்ற காரணத்துக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் என்கிறது. ‘பிள்ளை பிடிப்பவர்’ என்ற சந்தேகம் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. சாதாரணக் கொலைக்கும் அதே தண்டனைதான் என்பதால் நடைமுறையில் பெரிய வித்தியாசம் வராது என்பது என் கருத்து. புதிய பிரிவை விட, 2018 ஜூலை 17 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னவை பயன்மிக்கவை: மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, எஸ்.பி. தகுதிக்குக் குறையாமல், மாதம் ஒருமுறையாவது உளவுப் பிரிவோடு கூட்டம், வழக்கைத் தினசரி நடத்தி ஆறு மாதத்தில் முடிப்பது, 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம், தடுக்கத் தவறிய அதிகாரி மேல் துறை நடவடிக்கை. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு அதிகாரி யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ஊராட்சி மன்றத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். பதில் வந்தால் எண் கிடைக்கும், வராவிட்டால் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை என்பது தெரியும்.

வழக்குகள் சறுக்குவது சாட்சியில்தான். ஊரே குற்றவாளிக்கு உறவு என்றால் ஊரே பிறழ் சாட்சி ஆகும். அட்டப்பாடி வழக்கில் பலர் அப்படிப் பல்டி அடித்தார்கள். இருந்தும் 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்து, பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் கிடைத்தது. நீங்கள் சாட்சியாக நின்றால், நீதிபதி முன் வாக்குமூலத்தைச் சீக்கிரமே பதிவு செய்யச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். மிரட்டல் வந்தால் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், காவல் நிலையம் வழியாகவோ அரசு வழக்கறிஞர் வழியாகவோ மனு கொடுக்கலாம். மனுவில் மிரட்டியவர் பெயர், தேதி, சொன்ன சொல் மூன்றும் இருக்கட்டும். ‘மிரட்டல் இருக்கிறது’ என்ற ஒற்றை வரி மனு மேசையிலேயே கிடக்கும்.

வதந்தி இல்லாத நாட்களில் செய்து வைக்க ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு வருடாவருடம் வந்து போகிறவர்கள் உண்டு: போர்வை விற்பவர், பூம்பூம் மாட்டுக்காரர், செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்ப் பையன்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தவரின் பெயரும் எண்ணும் ஊரில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு ஒருவன் கரண்ட் கம்பத்தில் கட்டப்படும்போது ‘இவன் நம்ம சூளை முதலாளி கிட்ட வேலை செய்யறவன், இந்தா போன்ல பேசு’ என்று ஒருவர் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அந்த எண்ணை அப்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.